மூன்று பல் வித்தியாசம்

அத்தியாயம் 14

ஏழாம் தேதி, டயருக்குக் காற்றடிக்கும் பம்பைத் தேடி தம்பியின் அலமாரியைத் திறந்த அக்கா, பம்புக்குப் பதிலாக ஒரு கடிதத்தை எடுத்துவிட்டாள். கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர் வேலை. ரயிலில் இரண்டு நாள் தூரம். மூன்று வருட ஒப்பந்தம். பதினெட்டாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ போனில் சொல்லிவிட வேண்டும்.

"இன்னும் முடிவு பண்ணலைக்கா," என்றான் தம்பி.

"ம்," என்றாள் அக்கா.

அதோடு சரி. அதன்பிறகு பதினோரு நாளாக இரண்டு பேரும் அந்தக் கடிதத்தைத் தவிர உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பற்றிப் பேசிவிட்டார்கள். அப்பாவுக்கு விஷயமே தெரியாது.

இன்று பதினெட்டாம் தேதி.

காலை ஆறேகாலுக்கு அக்கா மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் செய்து வாசலில் ஒரு சுற்று திருப்பினாள். பின்சக்கரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு 'டக்'.

"பல் தாண்டுது," என்று முன்னறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

பல் என்றால் அப்பாவுக்குத் தூக்கத்தில்கூடக் காது கேட்கும். பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பது அவர் தொழில். முன்னறை முழுக்க சுண்ணாம்பு வார்ப்பில் வாய்கள். மேல்தாடை ஒரு தட்டில், கீழ்தாடை ஒரு தட்டில். ஒவ்வொன்றுக்கும் நம்பர் மட்டும் உண்டு, பெயர் கிடையாது. தெருவில் எதிரே வருகிறவர் சிரித்தால், அது எத்தனையாம் நம்பர் சிரிப்பு என்று அப்பாவுக்குத் தெரிந்துவிடும். ஆனால் வெளியே சொல்ல மாட்டார். ஊரில் அவர் பெயர் 'பல்செட்'.

அக்காவின் பெயர் 'ஊசி'. ஆய்வகத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? தம்பிக்கு மட்டும் பட்டப்பெயர் எதுவும் ஒட்டவில்லை. ஊருக்கே அவன் சின்னவன்தான், முப்பது வயதாகியும்.

அம்மா போய் ஆறு வருடமாகிறது. மூன்று பேர், ஒரு வண்டி. காலையில் அக்காவுக்கு, மத்தியானம் ஒன்றேகாலுக்குச் சாவி கை மாறும், அதன்பிறகு தம்பி அதில் இருபத்திரண்டு கிலோமீட்டர் போய் பாய்லர் தொழிற்சாலையில் இரண்டாவது ஷிப்ட் பார்ப்பான். சனிக்கிழமைகளில் பல்செட்டுகளைக் கொடுத்து வர, அப்பாவைப் பின்னால் உட்காரவைத்து டாக்டர் டாக்டராகக் கூட்டிப்போவதும் அவன்தான். அப்பாவுக்கு வலது முழங்கால் மடங்காது. அவர்கள் தெருவோ அப்படி ஒரு மேடு. தபால்காரரே கீழே நின்று போன் செய்து, ஆளை இறங்கி வரச் சொல்வார்.

இன்று தம்பிக்கு வார விடுமுறை. பல் தேய்த்துக்கொண்டே வாசலுக்கு வந்தவன் வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பின்சக்கரத்தில் சுற்றியிருந்த செயினை இரண்டு விரலால் பிடித்து இழுத்தான். அது பல்லை விட்டு விலகி வந்தது. பற்களெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கூராகியிருந்தன.

"இன்னைக்கு மாத்தியே ஆகணும்க்கா. இந்தத் தடவை பின்னாடி பல்லைக் குறைச்சுப் போடுவோம். அறுபதுக்கு மேல போனா இன்ஜின் கத்துது."

"குறைச்சா யாருடா மேட்டுல ஏறறது? கூட்டித்தான் போடணும். நேத்து ஐஸ் பெட்டியோட ஏறறப்ப முதல் கியர்லயே முனகுது."

"நீ கிளட்சை ஒழுங்கா விடறது இல்லை."

"உனக்கு நிதானமா ஓட்டத் தெரியலை."

இது எட்டு வருடத்துச் சண்டை. விஷயம் ரொம்பச் சின்னது. பின்சக்கரத்தில் பல் அதிகமானால் வண்டி மேட்டில் சுலபமாக ஏறும், சமவெளியில் வேகமெடுக்கச் சிரமப்படும். பல் குறைந்தால் நேர் எதிர். அக்காவின் நாள் முழுக்க மேடு. தம்பியின் நாள் முழுக்க சமவெளி. வண்டி ஒன்று. சின்னவன் பிறந்ததிலிருந்து எதையும் விட்டுக்கொடுத்ததில்லை. பாக்கெட்டில் கடைசி பிஸ்கட் இருந்தால், பாதியாக உடைத்து, பெரிய பாதியை எடுத்துக்கொள்கிற ரகம். அக்காவும் லேசுப்பட்டவள் இல்லை. பாதியாக உடைக்கும்போதே அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்பா நொண்டி நொண்டி வந்து ஒரு சீட்டை நீட்டினார். பல்செட் ஆர்டர் எழுதும் அதே சீட்டு. 'மேல்', 'கீழ்' என்று அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு, 'பின் சக்கரம் – 44 பல்' என்று எழுதியிருந்தார்.

"கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். என்ன இருக்கோ அதையே போடுங்க. நேத்து நானே உட்கார்ந்து எண்ணினேன். ரெண்டு பேருக்கும் பொது."

இரண்டு பேருக்கும் பிடிக்காத தீர்ப்பு என்பதால் இரண்டு பேரும் ஒப்புக்கொண்டார்கள். மூன்று மணிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சந்திப்பதாக ஏற்பாடு.

"சாயங்காலம் வேற ஏதாவது வேலை இருக்கா உனக்கு?" என்று அக்கா கேட்டாள். ஹெல்மெட் பட்டையை மாட்டிக்கொண்டே, வேறெங்கோ பார்த்தபடி.

"ஒரு போன் பண்ணணும்," என்றான் தம்பி. அவனும் வேறெங்கோதான் பார்த்தான்.

---

அக்கா அன்று ஒன்பது வீடு போக வேண்டியிருந்தது. நாலாவது வீடு ரிடையர்டான டீச்சருடையது. வாராவாரம் சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கிறவர். நரம்பு தேட வேண்டிய அவசியமே இல்லாத கை; அக்கா கண்ணை மூடிக்கொண்டு எடுப்பாள்.

டியூபில் பெயர் எழுதும்போது போன் வந்தது. தம்பி.

"ஆமாடா... செயின்தான் முக்கியம், அதுதான் ரொம்பத் தேஞ்சிருக்கு... ம், புதுசே வாங்கிடலாம்... நல்ல கனமானதா இருக்கணும், சும்மா பேருக்கு வாங்கக் கூடாது. சரி, வை."

டீச்சரின் முகம் மலர்ந்துவிட்டது.

"நல்ல விஷயம்மா. எத்தனை பவுன்?"

"பவுன் இல்ல டீச்சர். நூத்தி இருபது கண்ணி."

"அவ்வளவு நீளமா? கழுத்துல மூணு சுத்து வருமே."

"பைக் செயின் டீச்சர்."

"ஓ," என்றார் டீச்சர். ஏமாற்றத்தை மறைத்துக்கொள்ளும் வயதையெல்லாம் அவர் தாண்டிவிட்டார். "உனக்குன்னு ஒண்ணு வாங்கறியோன்னு நெனைச்சேன்."

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஊசியை இறக்கினாள். ரத்தம் வரவில்லை. கொஞ்சம் நகர்த்திப் பார்த்தாள். அப்போதும் வரவில்லை.

டீச்சர் தன் கையையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன, இன்னைக்கு புதுசா வேலை கத்துக்கறியா?"

"மன்னிச்சிடுங்க டீச்சர். அந்தக் கையைக் கொடுங்க."

ஒன்பது வருடத்தில் முதல் தடவை. வாசலில் வந்து வண்டியில் சாய்ந்துகொண்டபோது அக்காவுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

போகாதே என்று சொல்ல அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஒரு வினாடி. சொன்னால் அவன் போக மாட்டான், அதுவும் அவளுக்குத் தெரியும். பிஸ்கட்டை விட்டுக்கொடுக்காதவன்தான், ஆனால் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாற்பது நாளும் வராந்தா பெஞ்சை விட்டு எழுந்திருக்காதவன்.

சிக்கல் அங்கேதான் இருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அக்காவுக்கும் இப்படி ஒரு கடிதம் வந்தது. தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில், ஆய்வகத்துக்குள்ளேயே வேலை. அப்பா அன்றைக்கு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார், போகாதேம்மா என்று. அவள் போகவில்லை. அதற்காக அப்பா மேல் அவளுக்குக் கோபம் கிடையாது. ஆனால் மழையில் ஐஸ் பெட்டியோடு மேடு ஏறும் சில நாட்களில் அந்த வார்த்தை ஞாபகத்துக்கு வரும். தன் பேச்சு தம்பிக்கு அப்படி ஒருநாள் ஞாபகத்துக்கு வரக்கூடாது. அதற்காகத்தான் பதினோரு நாளாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அவன் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தாள். ஒன்றேகாலுக்குச் சாவி வாங்க ஆள் இல்லை. கிளட்சை ஒழுங்காக விடவில்லை என்று சொல்ல ஆள் இல்லை. அவளுக்கு அழுகை வந்தது. தெருவில் நின்று அழுவது அவளுக்குப் பிடிக்காத காரியம் என்பதால் வண்டியைக் கிளப்பினாள். அது அவளுக்காக இரண்டு தடவை 'டக்' என்றது.

---

ஸ்பேர் பார்ட்ஸ் கடை கீழ்த் தெருவில், டயர் ஒட்டும் இடத்தை அடுத்து இருந்தது. தரையிலிருந்து கூரை வரை நம்பர் ஒட்டிய பெட்டிகள். கடைக்காரம்மாவுக்கு எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்பது மனப்பாடம். விற்பதும் அவர்தான், பின்பக்கக் கொட்டகையில் வண்டியை ஸ்டாண்டில் தூக்கி மாட்டுவதும் அவர்தான். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். போட்டுக்கொண்டு யாரும் பார்த்ததில்லை.

அப்பாவின் சீட்டை கையை நீட்டி எட்டத்தில் பிடித்துப் படித்தார்.

"நாப்பத்தி நாலா? இந்த வண்டிக்கு நாப்பத்தி நாலே கிடையாதே."

"இப்ப இருக்கறதே அதுதாங்க," என்றான் தம்பி.

அவர் ஒரு பல்லின் மேல் வெள்ளை பெயிண்டால் பொட்டு வைத்தார். சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு பல்லையும் விரலால் தொட்டு எண்ணினார். பொட்டு திரும்பி வந்தது.

"நாப்பத்தி ரெண்டு. கம்பெனியிலேர்ந்து வந்தது. யாரு எண்ணினது இதை?"

தம்பி போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"அப்பா, எப்படிப்பா எண்ணினீங்க?"

"எப்படி எண்ணுவாங்க? சாக்பீஸால நாலு பாகமாப் பிரிச்சேன். ஒரு பாகத்துல பதினொண்ணு இருந்தது. நாலால பெருக்கினேன்."

"முழுசா எண்ண வேண்டியதுதானே?"

"வாயை அப்படித்தான்டா எண்ணுவோம். மேல வலது, மேல இடது, கீழ வலது, கீழ இடது. ஒண்ணை எண்ணினா மத்தது அதேதான்."

கடைக்காரம்மா போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"ஐயா, நாப்பத்தி ரெண்டை நாலாப் பிரிச்சா பத்தரை வருது."



"அரைப் பல்லுன்னு ஒண்ணு கிடையாதேம்மா," என்றார் அப்பா. தன் கணக்கைவிட சக்கரத்தைச் செய்தவர்கள் மேல்தான் சந்தேகம் என்பது குரலிலேயே தெரிந்தது. "சரி, சனிக்கிழமை மூணு டாக்டர்கிட்ட போகணும்னு சின்னவன்கிட்ட சொல்லுங்க. வண்டி அதுக்குள்ள தயாரா இருக்கட்டும்."

"சரிப்பா," என்று சொல்லி தம்பி போனை வைத்தான். கொஞ்சம் அவசரமாகவே வைத்தான்.

நாற்பது வருடம் வாயையே எண்ணி எண்ணிப் பழகியவர் செய்யக்கூடிய ஒரே தப்பு அது. அந்தத் தப்பால் காலையில் கொடுத்த தீர்ப்பு செல்லாமல் போய்விட்டது. கடைக்காரம்மா மேஜை மேல் எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்து மூன்று பல்சக்கரங்களை வரிசையாக வைத்தார்.

"முப்பத்தொம்பது. நாப்பத்தி ரெண்டு. நாப்பத்தஞ்சு. இந்த மூணுதான். முன்னாடி இருக்கற சின்னப் பல்சக்கரமும், செயினும் சேர்த்துத்தான் மாத்தணும். பழைய பல்லு மேல புதுச் செயினைப் போட்டா ஆறு மாசத்துல அதுவும் பழசாயிடும். நெட்டு ரோட்டுக்கு முப்பத்தொம்பது. மேட்டுக்கு, பின்னாடி ஆள் உட்கார்றதுக்கு நாப்பத்தஞ்சு. நடுவுல உள்ளது ரெண்டுக்கும் சுமாரா ஒத்துப்போகும். எது?"

அக்கா நாற்பத்தைந்தின் மேல் கை வைத்தாள். வைத்துக்கொண்டு சண்டைக்குத் தயாரானாள். இன்ஜின் கத்தும் என்பான்; இருபத்திரண்டு கிலோமீட்டர் என்பான்; கிளட்ச் என்பான். எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. சொல்லப்போனால் அந்தச் சண்டை அவளுக்கு வேண்டியிருந்தது.

"அக்கா சொல்றதையே போடுங்க," என்றான் தம்பி.

கடைக்காரம்மா தலையாட்டிவிட்டு செயின் டப்பாவைத் திறந்தார்.

அக்கா சக்கரத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"என்ன சொன்ன?"

"நாப்பத்தஞ்சே போட்டுக்கோ. உனக்குத்தானே மேடு. ஐஸ் பெட்டி இருக்கு, அப்பா இருக்காரு. அதுதான் சரி."

"உனக்கு?"

"எனக்கென்ன," என்றான் தம்பி.

எட்டு வருடம் மூச்சுவிடாமல் சண்டை போட்டவன் எனக்கென்ன என்கிறான். அவ்வளவுதான். ஐந்து மணிக்கு அவன் போனில் என்ன சொல்லப்போகிறான் என்பது அக்காவுக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. இந்த வண்டியை இனிமேல் ஓட்டப்போகாத ஆள் அவன். அதனால்தான் பெரிய பாதியை அவள் பக்கம் தள்ளுகிறான்.

அவளுக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, ஆத்திரம். கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது. கடைக்காரம்மா இருந்ததால் அவன் தப்பித்தான்.

கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு பத்து.

கடைக்காரம்மா செயினை மேஜையில் நீட்டிப் போட்டுச் சொன்னார்:

"இது நூத்தி இருபத்திரண்டு கண்ணி. நாப்பத்தஞ்சுக்கு அப்படியே போட்டுடலாம். நாப்பத்தி ரெண்டுன்னா ரெண்டு கண்ணி வெட்டணும், முப்பத்தொம்பதுன்னா நாலு. வெட்டறதுக்கு முன்னாடியே நல்லா யோசிச்சுடுங்க. வெட்டினப்புறம் ஒட்டுப் போட்டுக் குடுன்னு வந்து நிக்கக் கூடாது. நான் போட மாட்டேன்."

"அப்படியே போடுங்க," என்றான் தம்பி.

"இல்லை," என்றாள் அக்கா. "நாப்பத்தி ரெண்டு போடுங்க."

கடைக்காரம்மா இருவரையும் பார்த்தார்.

"உங்க மேட்டுக்கு நாப்பத்தஞ்சுதாம்மா நல்லது. நான் விக்கறதுக்காகச் சொல்லலை."

"தெரியுதுங்க. ஆனா இது ரெண்டு பேர் ஓட்டற வண்டி."

தம்பி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அப்பா எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்து மடித்தான்.

"அக்கா, நான் இல்லாதப்ப நீதானே..."

"நீ இல்லாதப்பன்னு ஒண்ணு முடிவாயிடுச்சா?"

"ஆகலை. அஞ்சு மணிக்குத்தான்."

"அப்ப ஆகலைன்னு வெச்சுத்தான் நான் பேசறேன்." அவள் குரல் உயரவில்லை. ரத்தம் எடுக்கும்போது கையை இறுக்காதீங்க என்று சொல்வாளே, அதே குரல். "கேட்டுக்கோ. நீ போறது எனக்குப் பிடிக்கலை. பதினோரு நாளா சொல்லாம இருந்தேன். சொன்னா நீ போக மாட்டேன்னு பயந்து சொல்லலை. இன்னைக்கு டீச்சர் கையில ரெண்டு தடவை குத்திட்டேன்டா. நீ இல்லாத வீட்டுல எனக்கு இருக்கப் பிடிக்காது. இதை நீ தெரிஞ்சுக்காம போகக் கூடாது. ஆனா போகாதேன்னு நான் சொல்லலை. அதை எனக்குச் சொன்னாங்க, நான் உனக்குச் சொல்ல மாட்டேன். நீயே முடிவு பண்ணு."

அவ்வளவு நீளமாக அவள் பேசி தம்பி கேட்டதில்லை. கடைக்காரம்மா திடீரென்று ஏதோ ஒரு பெட்டியைத் தேடுவதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இவ்வளவையும் உள்ளேயே வெச்சுக்கிட்டு எப்படிக்கா இருந்த?" என்றான் தம்பி கடைசியில்.

"நீ மட்டும்? வாயைத் திறந்தியா?"

"நீ 'ம்'னு சொன்ன. போயிட்டு வாடான்னு அர்த்தம்னு நெனைச்சேன்."

"அதுக்கு அர்த்தம் 'ம்'தான்டா."

அவன் சிரித்துவிட்டான். கண் ஈரமாகியிருந்தது. அதைத் துடைக்காமலே வெளியே போனான்.

கடைக்காரம்மா செயினை வெட்டும் கருவியில் பொருத்தி, அக்காவை ஒருமுறை கேள்வியாகப் பார்த்தார். அக்கா தலையாட்டினாள். கைப்பிடி இரண்டு சுற்று சுற்றியது. ஒரு சின்ன ஆணி வெளியே வந்து விழுந்தது. இரண்டு கண்ணிகள் மேஜையில் தனியாகக் கிடந்தன.

வண்டியைப் பின்கொட்டகைக்குத் தள்ளிப்போய் ஸ்டாண்டில் ஏற்றினார்கள். அக்கா சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். கடைக்காரம்மா பழைய பல்சக்கரத்தைக் கழற்றினார். கொட்டகைக்கு ஜன்னல் உண்டு. அதன் வழியே பார்த்தால் எதிர்ச்சாரியில் தம்பி நின்றிருந்தான். போன் காதில் இருந்தது. ஒரு கையை ஆட்டி ஆட்டிப் பேசினான். நடுவில் நிறுத்திக் கேட்டான். பிறகு அவனே நிறைய பேசினான். வேலைக்கு வருகிறேன் என்று சொல்வதானாலும் வரவில்லை என்று சொல்வதானாலும் இவ்வளவு நேரம் ஆகாதே என்று அக்காவுக்குத் தோன்றியது. அவள் கையில் சக்கரம் நழுவியது.

"பிடிச்சுக்கோம்மா," என்றார் கடைக்காரம்மா.

செயினை மாட்டி, லாக் போட்டு, தொய்வு பார்த்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டபோது அது சத்தமே இல்லாமல் ஓடியது. மணி ஐந்துக்கு ஏழு நிமிடம் இருந்தது.

தம்பி வந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றான்.

"சொல்லிட்டேன்," என்றான்.

அக்கா கந்தல் துணியால் விரல்களில் இருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு விரலாக.

"வர்றேன்னுதான் சொன்னேன்க்கா."

துடைப்பதை நிறுத்தாமல் இருக்க அவள் ரொம்பச் சிரமப்பட்டாள். இது நடக்கும் என்று தெரிந்துதான் பேசினாள். தெரிந்தும் வலித்தது.

"ஆனா மூணு வருஷம் முடியாதுன்னேன். ஒரு வருஷம் வர்றேன், அப்புறம் திரும்பிடுவேன், அந்த மாதிரி எழுதிக் குடுங்கன்னு கேட்டேன். இதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டது இல்லையாம். மேனேஜர்கிட்ட பேசிட்டு நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் கூப்பிடறேன்னு சொன்னாங்க."

"ஒத்துக்கலைன்னா?"

"தெரியலை. அதை இன்னைக்கு ராத்திரி அப்பாவையும் வெச்சுக்கிட்டுப் பேசணும். அவருக்கு நான்தான் சொல்லணும், நீ முந்திக்காதே. எனக்கு அந்த வேலை பிடிச்சிருக்குக்கா. தண்ணிக்கு அடியில போற பாகத்தை வெல்டிங் பண்றது. இங்க அப்படி ஒண்ணை நான் கண்ணாலகூடப் பார்க்க முடியாது."

பிடித்திருக்கிறது என்பதை அவனும் இன்றைக்குத்தான் சொல்கிறான். அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் இருந்த ஆசையைப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள். அவளுக்கு அவன் மேல் இருந்த ஆத்திரம் போய்விட்டது. வருத்தம் மட்டும் அப்படியே இருந்தது.

தம்பி குந்தி உட்கார்ந்து புதுச் செயினைத் தொட்டுப் பார்த்தான். பின்சக்கரத்தை மெதுவாகச் சுற்றினான்.

"நாப்பத்தஞ்சே போட்டிருக்கலாம். இனிமே நீதானே தினமும் மேடு ஏறணும், அப்பாவையும் வெச்சுக்கிட்டு."

"ஒரு வருஷம் ஏறிக்கறேன்," என்றாள் அக்கா, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே. "அதுக்கு மேல என்னால முடியாது. காலையில கூப்பிட்டா அவங்ககிட்ட அதையும் சொல்லு."